ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் வரும் ‘டக் டக்’: ரேக்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். முன்சக்கர இழுவை கொண்ட சிறிய கார், 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நேராகப் போகும்போது சத்தமே இல்லை. யூ-டர்ன் போடும்போதும் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதும் முன்பக்கம் ‘டக் டக்’ என்கிறது, சில நேரம் ‘கிரீச்’ என்றும் கேட்கிறது. பட்டறையில் ‘ரேக் போயிடுச்சு, மாத்திடலாம்’ என்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன்: பெரிய செலவில் இறங்கும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்துகொள்ள வழி உண்டா, அதுவரை வண்டியை ஓட்டலாமா.

முதலில் ரேக்கைப் பற்றி. ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றி முன்சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டுதான் ரேக். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு ரேக் முதல் சந்தேகமாக வரவே கூடாது. காரணம் எளிது. ஒரு கார் தன் வாழ்நாளில் பெரும்பாலான நேரம் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் ரேக்கின் பற்கள் நடுப்பகுதியில்தான் தேய்கின்றன. இரண்டு ஓரங்களும் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். தேய்ந்த ரேக் மேடுபள்ளமான சாலையில் நேராகப் போகும்போது ‘லொடலொட’ என்று ஆடும், ஸ்டீயரிங்கை நடுவில் வைத்து மெல்ல இடமும் வலமும் அசைத்தால் ஆட்டம் தெரியும், கைக்கு அந்தத் தட்டல் வந்து சேரும். நேரில் அமைதி, ஓரத்தில் மட்டும் சத்தம் என்றால் அது ரேக்கின் குணத்துக்கு நேர் எதிர். ரேக்கே காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லவில்லை. அதன் தாங்கல் போல்ட் தளர்ந்திருந்தால், அல்லது ஓரத்தில் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் உடைந்திருந்தால் ஒடிக்கும்போது ‘கடக்’ என்று ஒருமுறை தட்டும். ஆனால் அவற்றைப் பார்க்க ரேக்கை மாற்ற வேண்டியதில்லை, வண்டியைத் தூக்கி ஒரு கம்பியால் நெம்பிப் பார்த்தால் போதும்.

எந்தப் பாகம் என்று யோசிப்பதைத் தள்ளி வைத்துவிட்டு, சத்தம் எந்த நிலையில் வருகிறது என்பதை முதலில் பிரியுங்கள். அரைமணி நேர வேலை. சமதளமான, ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பாருங்கள். கண்ணாடிகளை இறக்கி, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். முதல் நிலை: வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, ஸ்டீயரிங்கை மட்டும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டாம் நிலை: ஸ்டீயரிங்கை ஓர் ஓரத்துக்கு முழுதாக ஒடித்து அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு, மணிக்கு 5 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடியுங்கள், நடுவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள், விடுங்கள். பிறகு மறு பக்கம் ஒடித்து அதையே செய்யுங்கள், ரிவர்ஸிலும் ஒருமுறை. மூன்றாம் நிலை: எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திறந்து, ஸ்டீயரிங் லாக் விழாமல், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சிறிதளவு அசையுங்கள். பவர் இல்லாததால் கனமாக இருக்கும். வலிந்து இழுக்க வேண்டாம்.

இந்த மூன்றும் சந்தேகப் பட்டியலைச் சட்டென்று சுருக்கிவிடும். முதல் நிலையில் சக்கரம் உருளவில்லை. ஆகவே உருளும் பாகங்களான ஆக்ஸில், அதன் முனையிலுள்ள மூட்டான சி.வி. ஜாயின்ட், வீல் பேரிங் எதுவும் தொடர்ச்சியாகச் சத்தம் போட முடியாது. இரண்டாம் நிலையில் ஸ்டீயரிங் அசையவில்லை. ஆகவே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர் தூண்) மேல் பேரிங், ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் வட்டத்திலிருந்து கீழிறங்கும் தண்டு), ரேக் போன்றவை பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கின்றன. மூன்றாம் நிலையில் பம்பும் பெல்ட்டும் ஓய்வில் இருக்கின்றன. இந்த மூன்றையும் பிரிக்காமல் ‘திருப்பினா சத்தம் வருது’ என்று மட்டும் பட்டறையில் சொன்னால், அவர்கள் கைக்கு முதலில் வரும் பாகம்தான் மாறும்.

வட்டமடிக்கும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்று வந்து, வேகம் கூடினால் அந்தத் தட்டலும் நெருங்கி, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சத்தம் பெருத்து, விட்டால் அடங்கினால், அது வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் நான் வேறு எதையும் தேடமாட்டேன். முன்சக்கர இழுவை வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் வெளி முனையில் இது இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் 6 எஃகுக் குண்டுகள், அவை ஓடுவதற்கு வளைந்த பள்ளங்கள், குண்டுகளைப் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு. நேராகப் போகும்போது குண்டுகள் பள்ளத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அவை பள்ளத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஓட வேண்டியிருக்கும். பள்ளத்தில் தேய்ந்து விழுந்த குழியை ஒவ்வொரு குண்டும் தாண்டும்போது வருவதுதான் அந்தத் தட்டல். நேரில் ஏன் சத்தமில்லை என்பதற்கும் இதுவே பதில்.

எந்தப் பக்கத்து ஜாயின்ட் என்பதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில் பளு அதிகம் என்பதால், இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் வந்தால் வலப்பக்க ஜாயின்ட் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்பக்கச் சக்கரம்தான் அதிகமாக ஒடிகிறது, மோசமாகத் தேய்ந்த ஜாயின்ட் இரண்டு பக்கமும் கத்தும், இரும்புச் சட்டம் வழியாகச் சத்தம் இடம் மாறியும் கேட்கும். கண்தான் நம்பகமான சாட்சி. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துவிட்டு, எஞ்சினை நிறுத்தி, டார்ச்சுடன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஜாயின்ட்டை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் பூட் தெரியும். மடிப்புகளுக்கு நடுவே விரலை வைத்து விரித்துப் பாருங்கள். கிழிசல் மடிப்பின் அடியில்தான் ஒளிந்திருக்கும். சக்கரத்தின் உட்புறத்திலும் ஸ்ட்ரட்டின் அடியிலும் கறுப்பான பிசுபிசுப்பு தெறித்து ஒரு வட்டமாகப் படிந்திருந்தால் பூட் கிழிந்து நாளாகிவிட்டது. இதுவே தண்டின் உள் முனையில், கியர்பாக்ஸை ஒட்டிய ஜாயின்ட்டாக இருந்தால் அறிகுறி வேறு: வண்டி எடுக்கும்போது ஒரு ‘கடக்’, அல்லது நேராக வேகமெடுக்கும்போது ஓர் அதிர்வு. ஒடிப்பதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

சரிசெய்வது எப்படி என்றால், அது எந்தக் கட்டத்தில் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பூட் கிழிந்திருக்கிறது, ஆனால் தட்டல் இன்னும் தொடங்கவில்லை என்றால் பூட், கிளாம்ப், கிரீஸ் மட்டும் மாற்றினால் போதும். தட்டல் தொடங்கிவிட்டால் புது கிரீஸ் அடைத்துப் பயனில்லை. சில நாள் சத்தம் மட்டுப்படும், குழி அங்கேயேதான் இருக்கும். அப்போது ஜாயின்ட்டையோ முழுத் தண்டையோ மாற்ற வேண்டும். எதை என்று கேட்டால், உள் ஜாயின்ட் இறுக்கமாக இருந்து வெளியே மட்டும் போயிருந்தால் தரமான ஜாயின்ட் கிட் போதும். மலிவான முழுத் தண்டு வாங்குவதைவிட, கம்பெனித் தண்டை வைத்துக்கொண்டு ஜாயின்ட்டை மட்டும் மாற்றுவது எத்தனையோ மேல். மலிவுத் தண்டுகளில் அதிர்வு வருவது வழக்கமான புகார்.

வேலையின் வரிசையைத் தெரிந்துவைத்திருந்தால் பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கவாவது உதவும். சக்கரத்தின் நடு நட்டின் விளிம்பு தண்டின் பள்ளத்தில் மடக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பை நிமிர்த்தி, வண்டி தரையில் நிற்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) முனையிலுள்ள குண்டு மூட்டான பால் ஜாயின்ட்டை விடுவித்தால், சக்கரம் மாட்டும் ஹப்பை வெளியே இழுத்துத் தண்டை உருவலாம். தண்டின் முனையில் நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும்; பழைய நட்டை முனைவரை திருகிவைத்து, அதன் மேல் மரக்கட்டை வைத்துத் தட்ட வேண்டும். ஜாயின்ட்டைத் தண்டில் ஒரு சிறிய வளையக் கிளிப் பிடித்திருக்கும். பெரும்பாலான வண்டிகளில் உள் வளையத்தின் மேல் பித்தளைத் துண்டை வைத்து ஒரே உறுதியான அடி கொடுத்தால் கழன்றுவிடும். பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, ஒவ்வொரு குண்டையும் பள்ளத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பான ஓட்டத் தடம் இருந்தால் கவலையில்லை. நகத்தை ஓட்டும்போது தடுக்கினால் ஜாயின்ட் முடிந்தது.

கிரீஸ் விஷயத்தில்தான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது. சாதாரணச் சேஸிஸ் கிரீஸ் இதற்கு ஆகாது. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த, சி.வி. ஜாயின்ட்டுக்கென்றே உள்ள கறுப்பு கிரீஸ் வேண்டும். கிட்டுடன் வரும் பொட்டலத்தில் வண்டியைப் பொறுத்து ஏறத்தாழ 80 முதல் 120 கிராம் இருக்கும். அது முழுவதும் உள்ளே போக வேண்டும். ஒரு பாதியைக் குண்டுகளுக்கு இடையில் விரலால் அழுத்தி நிரப்பி, மீதியை ரப்பர் பூட்டுக்குள் இடுவது வழக்கம். பூட்டை மாட்டியதும், சிறிய வாய்ப்பக்கம் மழுங்கிய ஒன்றை நுழைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் கிளாம்பை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட் உப்பிக்கொண்டு, மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி, சில மாதத்தில் மறுபடி கிழியும். பிளாஸ்டிக் கட்டுக் கயிற்றால் இறுக்கி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வளையக் கிளிப்பும் நடு நட்டும் புதிதாகவே போட வேண்டும். அந்த நட்டின் இறுக்கம் பல கார்களில் 180 முதல் 250 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவை அதன் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்கி, விளிம்பை மறுபடி மடக்க வேண்டும். இது தளர்வாக இருந்தால் வீல் பேரிங் போகும். ஜாயின்ட் வாங்கும்போது இன்னொன்று: சில வண்டிகளில் ஏபிஎஸ் சென்சாருக்கான பல் வளையம் ஜாயின்ட்டின் மேலேயே இருக்கும். பழையதில் எத்தனை பற்களோ புதியதிலும் அத்தனை இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஏபிஎஸ் விளக்கு எரியும்.

இனி அந்த ‘கிரீச்’. நின்றபடி ஸ்டீயரிங்கை மட்டும் திருப்பும்போது முறுக்கேறுவதுபோல ஒரு முனகலும், திடீரென்று ‘டொங்’ என்று விடுபடுவதும் கேட்டால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டையும் அதன் பேரிங்கையும் பாருங்கள். சிறிய கார்களில் பெரும்பாலும் இருக்கும் மெக்பெர்சன் அமைப்பில், சக்கரம் திரும்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்ப வேண்டும். அதற்கு மேலே ஒரு தட்டையான பேரிங். அது துருப்பிடித்து இறுகினால் ஸ்பிரிங் திரும்ப முடியாமல் முறுக்கேறும், பளு தாங்காமல் ஒரு கட்டத்தில் துள்ளி விடுபடும். உறுதிசெய்ய இன்னொருவர் உதவி வேண்டும். அவர் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கை மிக மெதுவாகத் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்திருங்கள். சுருள்களுக்கு நடுவே விரல் போகக் கூடாது. நல்ல நிலையில் ஸ்பிரிங் சக்கரத்தோடு சீராக நகரும். கெட்டிருந்தால் தங்கித் தங்கி, துள்ளலாக நகர்வது கைக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அதே கையோடு ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றையும் பார்த்துவிடுங்கள். கீழ்த் தட்டில் உட்காரும் நுனி முறிந்திருந்தாலும் இதே ‘டொங்’ வரும், முறிந்த துண்டு டயரைக் கிழிக்கவும் கூடும்.

மவுண்ட் மாற்றுவதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்பேன். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் வைத்து முழுதாக அடக்கி, அது தட்டிலிருந்து விலகி நிற்பதைப் பார்த்த பிறகுதான் மேல் நட்டைத் தொட வேண்டும். அதற்கு முன் கழற்றினால் அந்த நட்டும் தட்டும் ஆளை அடித்து வீழ்த்தும் வேகத்தில் பறக்கும். பட்டறையில் செய்யும்போது மவுண்ட்டோடு பேரிங்கையும் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுவது நல்லது. ஒரு பக்கம் போன வயதில்தான் மறு பக்கமும் இருக்கிறது, கூலியும் அங்கேதான் அதிகம்.

மவுண்ட் சுத்தமாக இருந்தும் கிரீச்சிட்டால், கிரீஸ் வற்றிய லோயர் பால் ஜாயின்ட், டை ராடு எண்டு (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை), லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் என்று கீழே இறங்க வேண்டும். இவற்றில் ஒன்றிலிருந்து ஒன்றைக் காதால் பிரிப்பது கடினம், பழக்கமுள்ளவர்களும் தவறுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஒவ்வொரு பாகத்தின் மேலும் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கலாம். எஞ்சின் ஓடும்போது அல்ல, மூன்றாம் நிலையில். ரப்பர் புஷ்ஷின் மேல் வெறும் தண்ணீரை அடித்துப் பாருங்கள். சத்தம் உடனே நின்று, காய்ந்ததும் திரும்பினால் ஆள் அதுதான். புஷ்ஷில் எண்ணெய், பெட்ரோலியக் கிரீஸ் எதுவும் அடிக்காதீர்கள், ரப்பர் ஊதி நெகிழ்ந்துவிடும். பால் ஜாயின்ட் உறைக்குள் ஊசியால் கிரீஸ் ஏற்றும் பழக்கம் ஒன்று உண்டு. சத்தம் எங்கே என்று கண்டுபிடிக்க அது உதவும், பழுதுபார்ப்பு ஆகாது. குத்திய துளை வழியாகத் தண்ணீர் போகும், உள்ளே தேய்மானம் தொடரும்.

ஆட்டம் பார்க்கச் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 12-லும் 6-லும் கை வைத்து அசையுங்கள், பிறகு 3-லும் 9-லும். மேல்-கீழ் பிடியில் ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். பக்கவாட்டுப் பிடியில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் டை ராடு. பால் ஜாயின்ட்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் சத்தத்தை மறந்துவிடுங்கள், அந்த வண்டி ஓடக் கூடாது. கழன்றால் சக்கரம் மடிந்து உள்ளே விழும். டை ராடு எண்டு மாற்றும்போது பழையதைக் கழற்ற எத்தனை சுற்று ஆனது என்று எண்ணி, புதியதை அதே சுற்று ஏற்ற வேண்டும். அது அலைன்மென்ட் இடம்வரை ஓட்டிப் போக மட்டுமே போதுமான துல்லியம். ஆர்ம் புஷ் மாற்றினால், அதன் போல்ட்டைச் சக்கரம் தரையில் பளு தாங்கி நிற்கும் உயரத்தில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ‘போன வருஷம்தான் மாத்தினேன், மறுபடி போச்சு’ என்பதன் பின்னால் அடிக்கடி இருப்பது இதுதான்.

உங்கள் வண்டியில் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் என்றால் இன்னொரு சத்தக் குடும்பம் இருக்கிறது: ‘உய்ங்’ என்ற முனகலும் ‘சர்ர்’ என்ற சீறலும். ஓரத்தில் முட்டும்வரை திருப்பிப் பிடித்தால் பம்பின் மிகை அழுத்தத்தை வெளிவிடும் வால்வு திறந்து சீறுவது இயல்பு, பழுதல்ல. ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் அப்படிப் பிடிக்காதீர்கள், ஆயில் கொதித்துப் பம்ப் கெடும். முட்டுவதற்கு முன்பே முனகினால் ஆயில் இருக்கும் ரிசர்வாயரைத் திறந்து பாருங்கள். மட்டம் குறைவா, நுரை தெரிகிறதா, கருகிய வாசனையா? நுரை என்றால் காற்று இழுக்கிறது. ரிசர்வாயரிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமலும் காற்றை உறிஞ்சலாம். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் தரையில் கறை தேடுவதில் பலனில்லை. பல ரிசர்வாயர்களின் அடியில் மெல்லிய வலை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டாலும் பம்ப் இதேபோல முனகும், பம்பையே மாற்றினாலும் முனகல் போகாது.

காற்றை எடுக்க முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை ஓடவிடாமல், ஸ்டீயரிங்கை ஓரத்துக்கு ஓரம் மெதுவாக 15, 20 முறை திருப்புங்கள், இடையிடையே மட்டம் பார்த்து ஊற்றுங்கள். குமிழ்கள் நின்ற பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஓரத்தில் பிடித்து நிறுத்தாமல் இன்னும் சில முறை. ஆயில் வகையை மூடியின் மேலும் கையேட்டிலும் பார்த்து, அதையேதான் ஊற்ற வேண்டும். நிறம் ஒத்துப்போகிறது என்று ஊற்றினால் சீல்கள் கெடலாம். ஒடிக்கும்போது ‘கீஈச்’ என்று கூவுவது பெல்ட். பல் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், ஓடும் பெல்ட்டிலிருந்து கையும் துணியும் எட்டி இருக்கட்டும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சற்று நேரம் அடங்கித் திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை.

இப்போதைய சிறிய கார்களில் பெரும்பாலும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்தான். அதில் ஆயிலும் இல்லை, பம்பும் இல்லை. ‘பவர் ஸ்டீயரிங் ஆயில் மாத்தணும்’ என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நின்றபடி திருப்பும்போது மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் இயல்பு. சத்தம் காலடியிலிருந்து, டாஷ்போர்டுக்குக் கீழிருந்து வருகிறது என்றால் ஸ்டீயரிங் காலத்தின் கீழ்த் தண்டில் இருக்கும் சிலுவை ஜாயின்ட்டுகளைக் கையால் பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்க்க வேண்டும். தட்டல் விரலுக்கு வரும். ஸ்டீயரிங் காலம் எஞ்சின் அறைக்குள் நுழையும் இடத்து ரப்பர் காய்ந்து கீச்சிட்டால் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் போதும். ஸ்டீயரிங் வட்டத்துக்குள்ளேயே ‘சரசர’ என்று உரசினால், கூடவே ஹாரனும் விட்டுவிட்டு அடித்தால், அல்லது ஏர்பேக் விளக்கு எரிந்தால், அது கிளாக் ஸ்பிரிங் எனப்படும் சுருள் ஒயர். அதைத் தொட ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். பேட்டரியைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சில சத்தங்களுக்குச் செலவே தேவையில்லை. டயர் அளவு மாற்றியிருந்தால் முழு ஒடிப்பில் மட்கார்டின் உட்பிளாஸ்டிக்கில் உரசும். அங்கே பளபளவென்று ஒரு தடம் தெரியும். பிரேக் டிஸ்க்கின் பின்னாலுள்ள தகடு வளைந்தோ கல் சிக்கியோ இருந்தால் ‘கிர்ர்’ என்று தகரம் உரசும், விரலால் நிமிர்த்தினால் தீர்ந்தது. வழவழப்பான பெயின்ட் தரையில் டயர் கத்துவது டயரும் தரையும் செய்வது, ஸ்டீயரிங் அல்ல. நான்கு சக்கர இழுவையை ஈடுபடுத்திவிட்டுக் காய்ந்த தார்ச்சாலையில் ஒடித்தால் வண்டி இழுத்து இழுத்துத் தட்டும், உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. வீல் பேரிங்கின் உறுமல் பார்க்கிங் வேகத்தில் அரிதாகவே கேட்கும். வேகமாகப் போகையில் ஒரு பக்கம் சாய்ந்தால் கூடி, மறு பக்கம் சாய்ந்தால் குறைந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

உங்கள் வர்ணனையை வைத்து நான் பந்தயம் கட்டுவதென்றால் வெளி சி.வி. ஜாயின்ட் ஒன்றும், தனியாக ஸ்ட்ரட் மேல் பேரிங்கும் என்பேன். இரண்டு சத்தத்துக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இது எழுத்தைப் படித்துச் சொல்வது, ரப்பர் பூட்டைக் கண்ணால் பார்க்கும்வரை ஊகம்தான். ஓட்டலாமா என்றால்: ஜாயின்ட் இப்போதுதான் தட்டத் தொடங்கியிருந்தால், முழு ஒடிப்பில் ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் பட்டறை நாள்வரை உள்ளூருக்குள் ஓட்டலாம், நெடும்பயணம் வேண்டாம். உடைந்தால் ஸ்டீயரிங் போகாது, ஆனால் சக்கரத்துக்கு இழுவை போய் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். மேல் பேரிங் முனகலோடு சில வாரம் ஓட்டலாம். பால் ஜாயின்ட்டிலோ டை ராடிலோ ஆட்டம் இருந்தாலும், ஸ்பிரிங் முறிந்திருந்தாலும், ஸ்டீயரிங் எங்காவது இறுகிப் பிடித்தாலும் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம், இழுவை வண்டியை வரச் சொல்லுங்கள். பட்டறையில் ‘ரேக்’ என்று மறுபடி சொன்னால், வண்டியைத் தூக்கி ரேக்கின் இரு ஓர ரப்பர் உறைகளின் கிளாம்பைத் தளர்த்திக் காட்டச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் வண்டியில் உள்ளே ஆயில் தேங்கியிருந்தாலோ, தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது உங்கள் கண்ணெதிரே ஆட்டம் தெரிந்தாலோதான் அந்தப் பேச்சைத் தொடர வேண்டும்.